கழுகுமலைக் கல்லெழுத்து

எங்கள் கடையநல்லூரிலிருந்து கழுகுமலைக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் அடிவாரத்து முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். சிறுவயதில் அப்பாவின் தோளில் அமர்ந்து சென்றபோது நானும் அவ்வளவுதான் கண்டேன். சென்ற மாசி மாதம் அப்பாவுடன் சங்கரன்கோவிலில் பஸ் மாறிப் போய், மலையே ஏறினேன். அப்பா பள்ளிக்கூடம் கண்டவர் அல்லர், கொல்லுப்பட்டறை வைத்திருக்கிறார்.

முதலில் வெட்டுவான் கோவில். 8ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கியிருக்கிறார்கள். சிகரம் முடிந்திருக்கிறது, அடிப்பகுதி முடியவில்லை. தன்னை மிஞ்சிய மகனைத் தந்தைச் சிற்பியே கொன்றுவிட்டதால் வேலை நின்றதாக ஊரார் சொல்லும் கதையைச் சொன்னேன். அப்பா முகம் சுளித்தார்.

"மவன் மிஞ்சினா எந்த அப்பனுக்குலே கசக்கும்? கூலி வந்திருக்காது."

சரித்திரப் பேராசிரியர்கள் மன்னிக்க! எனக்கு அந்த விளக்கமே பிடித்தது.

அருகே சமணர் சிற்பங்கள். பாறை முகத்தில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள்; நாகம் குடைபிடிக்கும் பார்சுவநாதர், கொடி சுற்றிய பாகுபலி, சிங்கத்துடன் அம்பிகை. அப்பாவோ அவற்றின் அடியில் இருந்த எழுத்துக்களையே உற்றுப் பார்த்தார்.

"இது என்னலே? வாசி."

வட்டெழுத்து! தமிழ்தான்; ஆனால் ஓர் எழுத்தும் எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வரும் கடிதம் முதல் ரேஷன் கார்டு வரை வாசித்துச் சொல்பவன் நான். "தெரியலப்பா" என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அப்பா சிரித்தார். "அப்ப இங்க நீயும் நானும் ஒண்ணுதான்."

நூலில் படித்திருந்ததையாவது சொன்னேன். இவற்றைச் செய்வித்தவர்களில் சமண ஆசிரியர்களும், குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும், அவர்தம் மாணாக்கரும் உண்டு. தச்சர், குயவர், கொல்லர் பெயர்களும் உண்டு.

"கொல்லனா?" அப்பாவின் காய்த்த விரல், கல்லைத் தொடாமல், எழுத்துக்களின் மேலாகவே நகர்ந்தது. "எந்த எடத்துல இருக்கு?"

எனக்குக் காட்டத் தெரியவில்லை.

உச்சியில் பிள்ளையார் கோவிலும் நல்ல காற்றும். மூச்சு வாங்க உட்கார்ந்தோம்; அதிகம் பேசவில்லை. இறங்கும்போது அந்தப் பாறையருகே அப்பா மறுபடியும் நின்றார்.

"அடுத்த தடவ வரும்போது படிச்சுட்டு வா."

வட்டெழுத்து அட்டவணையுள்ள நூல் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். தமிழ்த்துறையில் எவரிடமேனும் இருந்தால், இரண்டாம் ஆண்டு இயற்பியல் வகுப்புக்குச் சொல்லியனுப்புங்கள்.