திண்ணையில் தைக்கும் ஷூ

ஆந்திரத்து வி.கோட்டாவிலிருந்து பேரணாம்பட்டுக்கு இறங்கும் பத்தலப்பல்லி மலைப்பாதையில், மாநிலம் மாறிவிட்டதைப் பெயர்ப்பலகை பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வளைவுகள் முடிந்து சமவெளிக்கு வந்ததும் பலகை தேவையில்லை. உப்புப் போட்ட பச்சைத்தோலின் நெடியே ஊரைச் சொல்லிவிடும். பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை நெடுக இதே நெடிதான்.

வழியில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றை எட்டிப் பார்த்தேன். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளில் வாரக்கணக்கில் கிடந்து தோல் பதமான காலம் ஒன்று உண்டு. இன்று குரோமிய உப்போடு டிரம்மில் சுழன்று, ஓரிரு நாளில் நீலமாக வெளியே வந்து விழுகிறது. அந்த அவசரத்துக்கான விலையைப் பாலாறு கொடுத்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 1996 ஆகஸ்டில் வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில்தான் வந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், அதே நீதிமன்றம் அதே ஆற்றுக்காக மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது என்பதிலிருந்து மற்றதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஷாப்புகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் தேடிப்போனது ஆம்பூர்ச் சந்துகளில் வீட்டு வாசலிலேயே ஷூ தைப்பவர்களை.

மக்காசின் வகை ஷூவின் முன்பக்கத்தைப் பாருங்கள். விரல்களுக்கு மேலே குதிரை லாடம்போல வளைந்து ஒரு தையல் ஓடும். அங்கே தோல் சின்னச் சின்ன மடிப்பாகச் சுருங்கி நிற்கும். இந்த மடிப்புக்குக் கைத்தையல்தான் அழகு. அதனால் கம்பெனியில் வெட்டி, துளை போட்ட அப்பர்கள், அதாவது ஷூவின் மேல்பகுதிகள், மூட்டையாக ஏஜென்ட் வண்டியில் ஏறித் தெருவுக்கு வருகின்றன.

நான் பார்த்த அக்கா, திண்ணைச் சுவரில் முதுகைச் சாய்த்து, அப்பரை முட்டிக்கு நடுவே இடுக்கிக்கொண்டிருந்தார். மெழுகு ஏறிய ஒரே நூல்; அதன் இரண்டு முனையிலும் ஊசி. ஒரே துளைக்குள் இரண்டு ஊசியும் எதிரெதிரே நுழைந்து வர, இரு கையையும் விரித்து ஓர் இழுப்பு. அதிகம் இழுத்தால் துளை கிழியும். கொஞ்சம் விட்டால் மடிப்பு இளித்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு துளையிலும் இழுப்பு ஒரே அளவாக விழ வேண்டும். இடது கால், வலது கால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். கம்பெனிக்காரர்கள் இதை ‘சும்மா வீட்டு வேலை’ என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சுண்டுவிரல் ஓரத்தில் நூல் அறுத்த தழும்புகள். அதன்மேல் துணி சுற்றியிருந்தார்.

“ஜோடிக்கு எவ்ளோக்கா?”

“ஏஜென்ட் சொல்றதுதான் தம்பி. ஷூவுக்கு ஷூ மாறும். கோணலாப் போச்சுன்னா அதுல பிடிச்சுக்குவாங்க. கம்பெனி எதுன்னே நமக்குத் தெரியாது.”

2016-இல் சிவிடெப் உள்ளிட்ட தொழிலாளர் உரிமை அமைப்புகள் வெளியிட்ட ஆய்வின்படி, இப்படித் தைக்கும் பெண்களுக்கு ஜோடிக்கு 10 பென்ஸ்கூடக் கிடைக்கவில்லை. அந்த ஷூக்கள் பிரிட்டன் கடைகளில் 40 முதல் 100 பவுண்டு வரை விலைபோயின.

ஐரோப்பாவுக்கு இந்த வேலை புதிதல்ல. பிரெஞ்சு எல்லையை ஒட்டி பிர்மாசென்ஸ் என்றொரு ஜெர்மன் நகரம் இருக்கிறது. 1790-இல் அதன் சிற்றரசர் இறந்து படை கலைந்தபோது, பிழைப்பற்றுப் போன படைவீரர் குடும்பங்கள் வீட்டில் செருப்பு தைத்தன. பெண்கள் அதை ஊர் ஊராகச் சுமந்து விற்றார்கள். அப்படித்தான் அது ஜெர்மனியின் ஷூ நகரமானது. இன்று அங்கே காலணிகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம்தான் பெயர் பெற்றது.

அந்தச் சோதனை கடுமையானது. 2015 மே முதல், ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும், உடலில் படும் தோல் பொருளில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் ‘குரோமியம்-6’ இருந்தாலே சந்தைக்குள் விடமாட்டார்கள். அணிபவரின் காலுக்கு ஒவ்வாமை வரக்கூடாது என்பதற்காக. நியாயமான விதி. தைத்தவரின் கூலிக்கும் இப்படி ஒரு கீழ்வரம்பு வைத்து, அதைத் துறைமுகத்தில் கேட்க யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் என் புகார். தங்கள் அப்பர் எந்தத் தெருவில் தைக்கப்படுகிறது என்பது கம்பெனிகளுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அப்பர்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறார்கள்.

தமிழ்நாட்டில் காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கென்றே ஒரு நல வாரியம் இருக்கிறது. முதலாளி யாரென்றே தெரியாத இந்தப் பெண்களைத் தேடி அது சந்துக்குள் வரவேண்டும்; மூட்டை கொடுக்கும் கம்பெனிகள் பெயர்ப்பட்டியலையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்பவரும் தொழிலாளியே என்று சொல்லும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 177-ஆவது உடன்படிக்கை, பாலாற்றுத் தீர்ப்பு வந்த அதே 1996-இல்தான் நிறைவேறியது. பின்லாந்தும் அயர்லாந்தும் நெதர்லாந்தும் அதை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. இந்தியா இன்னும் ஏற்கவில்லை.