தாம்பாளத்தில் ஒரு மலைத்தொடர்

ஹைதராபாத், கொண்டாப்பூரில் எங்கள் குடியிருப்பில் ஞாயிறுதோறும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். அ, ஆவில் தொடங்கியது. இப்போது பூகோளமும் சேர்ந்துகொண்டது. மேற்குத் தொடர்ச்சி மலையை முதன்முறை நடத்தியபோது வரைபடத்தைத்தான் விரித்தேன். நீளம் 1,600 கிலோமீட்டர், ஆனைமுடி 2,695 மீட்டர் என்று கடகடவென ஒப்பித்தார்கள். "மலையால நமக்கு என்ன?" என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து மண்ணில்தான் தொடங்குகிறேன். பெரிய தாம்பாளத்தில் பிசைந்த களிமண். எல்லோரும் ஒரே பக்கமாக உட்கார வேண்டும், எதிரே உட்காரும் பிள்ளைக்குக் கிழக்கு மேற்கு மாறிவிடும். இடது ஓரத்தில் மலை எழும்பும்: மேற்கே சுவர்போலச் செங்குத்து, கிழக்கே மெல்லச் சரிவு. கட்டைவிரலால் அந்தச் சுவரை நிமிர்த்தும்போதே பாதிப் பாடம் கைக்குள் போய்விடும். தெற்கே ஓரிடத்தில் மண்ணை வழித்தெடுத்தால் பாலக்காட்டுக் கணவாய்; அசலில் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். கோயம்புத்தூரில் தாத்தா வீடு இருக்கும் பிள்ளைக்கு ஆடிக்காற்று நுழையும் வாசல் அது என்று சொன்னால் போதும்.

பிறகு தண்ணீர். சொட்டுச் சொட்டாக விட வேண்டும், செம்போடு கவிழ்த்தால் மலையே கரைந்துவிடும். மகாபலேஸ்வரத்தில் ஒரு சொட்டு. அங்கிருந்து அரபிக்கடல் அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனாலும் தக்காணம் கிழக்கே சாய்ந்திருப்பதால் கிருஷ்ணா ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் ஓடி வங்கக்கடலில் கலக்கிறது. வழியில் நாகார்ஜுனசாகரில் தேங்கும் நீரில் ஒரு பங்கு ஹைதராபாத்துக்குக் குழாயில் வருகிறது. நகரத்துக்கு வரும் கோதாவரியும் நாசிக் அருகே இதே மலையில் பிறந்ததுதான். "ஆன்ட்டி, நம்ம ஊரு தண்ணி அங்கேர்ந்தா வருது?" என்றாள் ஒரு சிறுமி. இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை மண்ணும் குழைத்தது.

வயதைப் புரியவைப்பதுதான் கடினம். உயரமான மலைதான் பழையது என்று பிள்ளைகள் உறுதியாக நம்புகிறார்கள். அதனால் பக்கத்துப் பாறைக்கு அழைத்துப் போய் உள்ளங்கையை வைக்கச் சொல்வேன். ஹைதராபாத்தின் இந்தக் கருங்கல் சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு. மகாபலேஸ்வரத்தின் எரிமலைக் கல்லுக்குச் சுமார் 6.6 கோடி. இமயம் எழத் தொடங்கியே சுமார் 5 கோடி ஆண்டுதான். வெயிலில் சுடும் கல்லை நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பார்ப்பார்கள். நான் அவசரப்படுத்துவதில்லை.

வீட்டில் சொல்லித்தரும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: வரைபடத்தை இரண்டாம் வாரம் எடுங்கள். முதல் வாரத்துக்கு ஒரு தாம்பாளம், கொஞ்சம் களிமண், ஒரு செம்புத் தண்ணீர் போதும்.