புதிதாக வந்தவர்

மே 23, வெள்ளி

தம்பியை இன்று வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சேர்த்த புதிதில் அவன் கிடந்த கிடை இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. சுவரில் பூச்சி ஊர்கிறது என்று விரலால் தட்டிக்கொண்டே இருந்தான். கையில் டம்ளர் நிற்கவில்லை. வருஷக்கணக்கில் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிரே போகலாம் என்றார் டாக்டர். அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்தப் பார்க்கும் குடும்பங்களுக்கு இதை யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.

ஊசியும் மாத்திரையும் உடம்பைத் தேற்றிவிட்டன. "இனிமேதாம்மா வேலையே இருக்கு" என்று கவுன்சலர் ஒரு துண்டுச் சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்தார். குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம், ஞாயிறும் செவ்வாயும், சாயங்காலம் ஏழு மணி.

மே 25, ஞாயிறு

தெருவை மூன்று பேரிடம் கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. டாஸ்மாக் எங்கே என்றால் பள்ளிப் பிள்ளைகூட வழி சொல்லும். 2003-லிருந்து அரசே சில்லறை மதுக்கடை நடத்துகிறது. நிறுத்த நினைப்பவனுக்கு மட்டும் ஒரு போர்டு கிடையாது. பெயரை மறைக்க வேண்டியவர்கள் கூடும் இடம், வாசலில் பெரிதாக எழுத முடியாதுதான். ஆனாலும் ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதலாமே.

"போயிடலாங்க்கா" என்றான் தம்பி. அதற்குள், சர்ச்சுக்குப் பின்னால் இருந்த அறையிலிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, "வாங்க தம்பி, இங்கதான்" என்றார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

இன்றைக்குத் திறந்த கூட்டம், குடும்பத்தாரும் உட்காரலாம். மூடிய கூட்டத்தில் குடிநோயாளிகளுக்கு மட்டும்தான் இடம். லேத் பட்டறைக்காரர், பாங்க்கில் ஓய்வு பெற்றவர், உணவு டெலிவரி சட்டையோடு ஒரு பையன். ஒவ்வொருவரும் பேரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்து, தன் கதையை மட்டும் பேசினார்கள். குறுக்கே பேச்சில்லை, புத்திமதி இல்லை. பெண்ணின் சடங்குக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு போனதை லேத்துக்காரர் சொன்னபோது, தம்பி முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினான்.

உண்டியல் வந்தது. வாடகைக்கும் டீக்கும் அவர்களே போட்டுக்கொள்கிறார்கள். வெளியார் காசை வாங்குவதில்லை. தம்பி சட்டைப்பையைத் துழாவினான். பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "புதுசா வந்தவங்க போடக் கூடாது. நீங்க வந்ததே எங்களுக்கு நல்லது."

உபசார வார்த்தை என்று நினைத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

இன்றோடு ஏ.ஏ.வுக்குத் தொண்ணூறு வயது. கூட்டத்தில் சொன்ன கதையைத் தம்பி வந்து சொன்னான். சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்.

1935 மே மாதம். அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊர். நியூயார்க்கிலிருந்து பில் வில்சன் தொழில் விஷயமாக வந்திருக்கிறார், காரியம் கெட்டுவிட்டது. குடியை விட்டு ஐந்து மாதம். ஓட்டல் முன்கூடத்தில் ஒரு பக்கம் பார், ஒரு பக்கம் டெலிபோன். சர்ச்சுகளுக்கு போன் போட்டு, பேசுவதற்கு ஒரு குடிகாரர் கிடைப்பாரா என்று விசாரித்திருக்கிறார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை டாக்டர். கால் மணி நேரம்தான் என்று வந்தவர், மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார். ஜூன் 10-ல் அவர் கடைசியாகக் குடித்தார். அந்த நாளைத்தான் பிறந்தநாளாக வைத்திருக்கிறார்கள்.

என் மனசில் தைத்தது வேறு. பில் அதற்கு முன்னால் நியூயார்க்கில் பல மாதம் குடிகாரர்களைத் தேடித் தேடிப் பேசியிருக்கிறார். ஒருவரும் திருந்தவில்லை. ஆனால் பேசிய பில் குடிக்கவில்லை. அந்தப் பெரியவர் சொன்னது உபசாரமே இல்லை. இத்தனை வருஷம் வீட்டில், வேலையில், கல்யாண வீட்டில் எல்லாருக்கும் பாரமாக இருந்தவனிடம், "நீ வந்தால் எனக்கு நல்லது" என்று சொல்ல ஒரு இடம் இருக்கிறது. இதை எந்த மாத்திரை தரும்?

ஜூலை 8, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து வீட்டில் குடித்துவிட்டான். அம்மா அழுதாள். "எல்லாம் நடிப்பு" என்றார் மாமா. இன்று அவனே கிளம்பிப் போனான். கூட்டத்தில் சொன்னானாம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பெரியவர் தன் நம்பரை எழுதிக் கொடுத்து, "குடிச்ச அப்புறம் இல்ல, கை நீளும்போதே கூப்பிடு" என்றாராம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தம்பி பெண்டாட்டியோடு ஆலனான் கூட்டத்துக்குப் போனேன். குடும்பத்தாருக்காக, பில்லின் மனைவி லோயிஸ் 1951-ல் தோழி ஒருவரோடு தொடங்கியது. குடியால் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை நிலையத்திலும் குடும்பத்துக்கென்று தனிப் பயிற்சி உண்டு. அதன் அவசியம் இன்று புரிந்தது. வண்டி சீட்டுக்கடியில் பாட்டில் தேடுவது, தூங்குகிறவன் வாயை மோந்து பார்ப்பது என்று எங்கள் வீட்டு ரகசியங்களை அங்கே இருந்த பெண்கள் தங்கள் வீட்டுக் கதையாகச் சொன்னார்கள். அவள் வாய்விட்டு அழுதாள். யாரும் அவசரப்பட்டுத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டார்கள்.

செப்டம்பர் 19, வெள்ளி

பெரியவரோடு தம்பி இன்று வார்டுக்குப் போனான், புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒருவரைப் பார்க்க. "நான் என்னக்கா சொல்றது?" என்றான். சுவரில் பூச்சி ஊர்ந்ததைச் சொல்லச் சொன்னேன்.

நானும் கூடவே போய், புறநோயாளிப் பிரிவில் கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் எழுதி ஒட்டலாமா என்று நர்ஸிடம் கேட்டேன். பெரிய டாக்டரிடம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். மனு எழுதிவிட்டேன். திங்கட்கிழமை காலை ஓ.பி. திறக்கும்போதே போய்விட வேண்டும்.