பித்தளை டபராவும் அம்மாவின் கேள்வியும்

சென்னையிலேருந்து திருச்சி வர்ற வழியில "கும்பகோணம் டிகிரி காபி" போர்டு எத்தனைன்னு எண்ண ஆரம்பிச்சு, விழுப்புரம் தாண்டுறதுக்குள்ள கணக்கை விட்டுட்டேன். காபி முன்னபின்ன இருந்தாலும் பித்தளை டபரா செட் மட்டும் பளபளன்னு இருக்கும். 1950, 60கள்ல நம்ம வீடுகள்ல புழங்கின அதே டிசைன். எவர்சில்வர் வந்ததும் பரணுக்குப் போனது, இந்தக் கடைங்க புண்ணியத்துல திரும்பி வந்துடுச்சு. ஆசை யாரை விட்டது? ரெண்டு செட் வாங்கிட்டேன்.

பால்பண்ணையில இறங்கி, அரியமங்கலம் வீட்டுல பார்சலைப் பிரிச்சேன். அம்மா டம்ளரை எடுத்து உள்ளே பார்த்தாங்க.

"ஏன்டா, ஈயம் பூசலையே?"

எஞ்சினியராச்சே, விடுவேனா? கூகிளாண்டவரைக் கேட்டேன். பித்தளைங்கிறது செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளிப்பு பட்டா செம்பு கரைஞ்சு இறங்கும். அதைத் தடுக்கத்தான் உள்ளே வெள்ளீயப் பூச்சு. (காரீயம் இல்லீங்க, அது விஷம்!) பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, 232 டிகிரியில உருகுற வெள்ளீயத்தைத் துணியால தேய்ச்சுப் பரப்புவாங்க. தேய்ஞ்சு போனா திரும்பப் பூசணும். எவர்சில்வருக்கு இந்தத் தொல்லையே இல்லை. அதுல இருக்கிற குரோமியம் தானே ஒரு படலம் போட்டுக்கும். அதைவிட பித்தளை சுமார் ஏழு மடங்கு சூட்டைக் கடத்தும். டம்ளர் விளிம்பு வெளியே மடிஞ்சிருக்கிறது வெறும் அழகுக்கு இல்லை, விரல் சுடாமப் பிடிக்கத்தான்!

இவ்வளவும் பீத்திட்டு, "ஆமா, நம்ம பழைய செட்டெல்லாம் எங்கம்மா?"ன்னேன்.

"பாட்டியோட ஆறு செட்டு, அண்டா எல்லாம் எடைக்குப் போட்டாச்சேடா. உன் முதல் செமஸ்டர் ஃபீஸுக்குக் கொஞ்சம் குறைஞ்சுது."

சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க. இத்தனை வருஷமா எனக்குத் தெரியாது.

மறுநாள் பெரிய கடைவீதியில விசாரிச்சு விசாரிச்சு, ஈயம் பூசுற ஒரு பெரியவரைப் பிடிச்சேன். ஒரே வெள்ளைப் புகை. ரெண்டு நிமிஷத்துல டம்ளர் உள்ளே வெள்ளி மாதிரி ஆயிடுச்சு. சாயங்காலம் அம்மா அதுல காபி ஆத்திக் குடிச்சுட்டு, "இப்பதான்டா இது டம்ளர்"னாங்க.

மக்களே, உங்க வீட்டுப் பரண்லயும் பித்தளை இருந்தா இறக்கி ஈயம் பூசுங்க. இல்லைன்னா, அது எதுக்காக எடைக்குப் போச்சுன்னு அம்மாகிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க.