சாணம் இறைத்த தண்ணீர்

பழைய மைசூர் சமஸ்தானத்தின் குனிகல் குதிரைப் பண்ணைக்குப் பேர்போனது. அதே தாலுகாவில், தும்கூர் மாவட்டத்துப் பூரா கிராமம் பேர் வாங்கியது மாட்டுச் சாணத்தால்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் 'அஸ்த்ரா' குழுவினர், அமுல்யா ரெட்டியின் முயற்சியில், இங்கே சாண எரிவாயுக் கலன் அமைத்தார்கள். நோக்கம், வீட்டு அடுப்புகளுக்கு வாயு. அது பலிக்கவில்லை. கிடைத்த சாணம் ஊர்ச் சமையலுக்குப் போதவில்லை. ஊருக்கு அதைவிட அவசரத் தேவை குடிநீர்.

1987இல் வாயு எஞ்சினுக்குத் திருப்பப்பட்டது. டீசலுடன் எரிந்து மின்சாரம் தந்தது. ஆழ்குழாய்க் கிணற்று நீர் தெருவுக்கு வந்தது. வீடுகளில் விளக்கு எரிந்தது.

உழைத்தவை நுண்ணுயிர்கள். காற்றுப் புகாத கலனில் ஒரு கூட்டம் சாணத்தைச் சிதைத்து அமிலமாக்க, இன்னொரு கூட்டம் அதிலிருந்து மீத்தேனை உண்டாக்கியது. தழைச்சத்து கரைசலிலேயே தங்கியதால் அது எருவாகச் சொந்தக்காரர்களுக்கே திரும்பியது. சாணம் சுமந்து வந்தவர்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, கிலோவுக்கு 2 பைசா கூலி.

அந்த ஏற்பாடு பின்னர் நின்றுபோனது. பாடம் மிச்சமிருக்கிறது: நுண்ணுயிர்களுக்குத் தீனி போட்டால் போதும், மனிதர்களிடம், என்ன வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும்.