ரிவால்டோ மேல் இருந்த கோபம்

2002 உலகக் கோப்பைக் கால்பந்து ஜப்பானிலும் தென் கொரியாவிலும் நடந்தது. வழக்கமாக ராத்திரி கண்விழித்துப் பார்க்க வேண்டிய ஆட்டங்கள், அந்த முறை நமக்குப் பகலிலேயே வந்தன. ஜூன் 3 திங்கட்கிழமை மத்தியானம் பிரேசிலுக்கும் துருக்கிக்கும் ஆட்டம். அரை நாள் லீவு போட்டுவிட்டு என் பையனோடு டிவி முன் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குப் பிடித்த ஆட்டக்காரர் ரிவால்டோ. ஒல்லியான உடம்பு, லேசாக வளைந்த கால்கள், இடது காலில் மந்திரம். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் பெனால்ட்டி அடித்து பிரேசிலை 2-1 என்று முன்னிலைக்குக் கொண்டுவந்தார். நாங்கள் துள்ளிக் குதித்தோம்.

அடுத்த சில நிமிடங்களில்தான் அந்தக் காரியம் நடந்தது. கார்னர் அடிக்க ரிவால்டோ நிற்கிறார். துருக்கியின் ஹக்கன் உன்சால் கோபத்தில் பந்தை அவரை நோக்கி உதைக்கிறார். பந்து பட்டது தொடையருகே. ரிவால்டோவோ முகத்தைப் பொத்திக்கொண்டு சுருண்டு விழுந்தார். உன்சாலுக்குச் சிவப்பு அட்டை.

"அப்பா, பந்து அவர் மூஞ்சியிலயா பட்டுச்சு?" என்று பையன் கேட்டான்.

"இல்லைடா. ஏமாத்துறான்" என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது, ஏதோ நானே செய்துவிட்ட மாதிரி. பிறகு ஃபிஃபா அவருக்கு 11,670 சுவிஸ் ஃபிராங்க் அபராதம் போட்டது. நான் போட்ட அபராதம் அதைவிடப் பெரிது. அன்றோடு அந்த மனிதரை மனதிலிருந்து விலக்கிவிட்டேன். அந்தத் தொடரில் முதல் ஐந்து ஆட்டங்களிலும் அவர் கோல் போட்டார்; பிரேசில் கோப்பையையும் வென்றது. எனக்கு ஒட்டவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஊர் ஊராகப் போனார். இத்தாலியில் ஏசி மிலான், திரும்பி பிரேசிலில் குரூசைரோ, கிரீஸில் ஒலிம்பியாகோஸ், ஏஇகே ஏதென்ஸ், அப்புறம் உஸ்பெகிஸ்தானின் புன்யோத்கோர். 2012-ல் அங்கோலா. அப்போது அவருக்கு நாற்பது வயது. பேப்பரில் எங்காவது பெயர் கண்ணில் பட்டால், "இன்னும் காசு ஆசை விடவில்லை" என்று சொல்லிக்கொள்வேன்.

பிறகு நானும் ஓய்வு பெற்றேன். ஆறு மாதம் வீட்டில் இருந்து பார்த்தேன், முடியவில்லை. பக்கத்துத் தெரு இரும்புக் கடையில் கணக்கு எழுதப் போனேன். ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரர் ஒருவர் பத்துப் பேர் முன்னால், "என்ன சார், பென்ஷன் பத்தலையா?" என்று கேட்டுவிட்டார். சிரித்து மழுப்பினேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் ரிவால்டோவைப் பார்த்துச் சொன்னதைத்தானே அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்?

2015 ஜூலையில் ஒரு செய்தி படித்தேன். மோஜி மிரிம் என்ற சின்ன கிளப்புக்காக, 43 வயது ரிவால்டோவும் அவருடைய மகன் ரிவால்டின்யோவும் ஒரே ஆட்டத்தில் ஆளுக்கொரு கோல் போட்டிருந்தார்கள். இரண்டாம் டிவிஷன் ஆட்டம்தான், மக்காயே அணிக்கு எதிராக. அதற்குப் பிறகுதான் அவர் கதையை முழுசாகத் தேடிப் படித்தேன்.

பிரேசிலின் வடகிழக்கில் ரெசிஃபே நகரத்துக்குப் பக்கத்தில் பவுலிஸ்டா என்ற ஊரில் 1972-ல் பிறந்தவர். சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்ட வீடு. அந்த வளைந்த கால்கள் சின்ன வயதுப் பட்டினியின் மிச்சம். 1989-ல் அப்பா சாலை விபத்தில் இறந்துபோனார். அதே வருடம் பின்னால்தான் பையனுக்கு முதல் ஒப்பந்தம் கிடைத்தது. உடம்பில் வலு இல்லை என்று பயிற்சியாளர்கள் தயங்கினார்களாம். அந்தப் பையன்தான் பார்சிலோனா போய், 1999-ல் பாலன் டி'ஓர் விருது வாங்கினான். 2001-ல் வலென்சியாவுக்கு எதிரான கடைசி லீக் ஆட்டத்தில் மூன்று கோல். மூன்றாவது, ஆட்டம் முடியும் தறுவாயில் முதுகைக் காட்டி அந்தரத்தில் படுத்தபடி அடித்தது.

மோஜி மிரிம் அவர் 1992-ல், இருபது வயதில் ஆடிய கிளப். ஊரெல்லாம் சுற்றிவிட்டு அங்கேயே வந்து, அந்தக் கிளப்புக்குத் தலைவராகவும் இருந்து, மகனோடு சேர்ந்து ஆடியிருக்கிறார். முதல் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க அவருக்கு அப்பா இல்லை. மகன் கோல் போட்டபோது அவர் அதே மைதானத்தில் இருந்தார். அடுத்த மாதமே முழங்கால் வலி தாங்காமல் ஆட்டத்தை நிரந்தரமாக விட்டுவிட்டார்.

அன்றே வெளியூரில் வேலை பார்க்கும் என் பையனுக்குப் போன் போட்டேன். "டேய், அந்த ஏமாத்துக்கார ரிவால்டோ ஞாபகம் இருக்கா?"

"ஏமாத்தினாரா? எப்ப?" என்றான். துருக்கி ஆட்டம் அவனுக்குச் சுத்தமாக மறந்திருந்தது. "எனக்கு ஃபைனல்தான்ப்பா ஞாபகம். பந்து அவர்கிட்ட வரும், அடிக்கிற மாதிரி காட்டிட்டுக் காலுக்கு நடுவுல விட்டுடுவார். பின்னாடி வந்த ரொனால்டோ கோல் போடுவார். கோப்பையே அதுலதான் வந்துச்சு. நீங்க அன்னைக்குக் கைகூடத் தட்டலை."

அவன் சொன்னது உண்மை. ஜெர்மனிக்கு எதிரான அந்த இரண்டாவது கோலை நானும் பார்த்தேன். கைதட்டவில்லை.

துருக்கி ஆட்டத்தில் ரிவால்டோ செய்தது தப்புதான், இன்றும் அதையேதான் சொல்வேன். ஆனால் மறுநாள் காலையில் கடைக்குக் கிளம்பும்போது, கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன்.