நம் பெயரில் எழுதப்படும் கணக்கு

எவரிடமும் கடன்படாமல் வாழ்ந்தோம் என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் முதியோர் நம் பங்குகளில் இன்னும் பலர் உள்ளனர். இக்கட்டுரை முதன்மையாக அவர்களுக்கே உரியது. கடன் வாங்கியவர் தம் கடனை அறிவார். வாங்காதவரோ, தம் பெயரில் எங்கே என்ன எழுதப்பட்டுள்ளது என்று கேட்க வேண்டும் என்றுகூட எண்ணுவதில்லை.

முன்பெல்லாம் ஒரு குடும்பத்தின் நாணயத்திற்குச் சான்றாக விளங்கியது மளிகைக் கடையின் பற்றுவரவு நோட்டு. அரிசியும் மண்ணெண்ணெயும் கடனுக்கு வாங்கியவர் சம்பள நாளில் கணக்கைத் தீர்த்தாரா என்பது கடைக்காரருக்குத் தெரியும். அவர் வாயிலாகத் தெருவிற்கும் தெரியும். அதில் பிழை இருந்தால் கடை வாசலிலேயே நின்று வழக்காடித் திருத்திவிடலாம். இன்று அந்த நோட்டு நம் கண்ணுக்கு எட்டாத இடத்திற்குப் போய்விட்டது. 2000ஆம் ஆண்டில் சிபில் என்னும் நிறுவனம் நம் நாட்டில் தோற்றுவிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டில் கடன் தகவல் நிறுவனங்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இப்போது டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் இயங்குகின்றன. வங்கிகளும் நிதி நிறுவனங்களும், மகளிர் குழுக்களுக்குச் சிறுகடன் வழங்குவோரும், நாம் வாங்கிய கடனையும் கட்டிய தவணையையும் தவறிய தவணையையும் குறித்த இடைவெளிகளில் இவற்றுக்கு அனுப்பிவைக்கின்றனர். அவற்றைக் கொண்டு 300 முதல் 900 வரை நமக்கு மதிப்பெண் இடப்படுகிறது.

லூக்கா நற்செய்தியில் வரும் வீட்டுப் பொறுப்பாளரை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க இயலவில்லை. நூறு குடம் எண்ணெய்க் கடனை ஐம்பது என்று திருத்தி எழுதச் சொன்னவர் அவர். அக்கதையின் கடனாளிகளுக்குத் தங்கள் சீட்டு தங்கள் கையில் இருந்தது, எழுதியவர்களும் அவர்களே. நம்முடைய சீட்டையோ நாம் கண்டதே இல்லை.

இம்மதிப்பெண் கடனோடு நின்றுவிடுவதும் இல்லை. 2025ஆம் ஆண்டில், கடன் தவணைகளைத் தவறவிட்ட ஒருவரின் பணி நியமனத்தைப் பாரத ஸ்டேட் வங்கி ரத்து செய்தது செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், தேர்வாய்கண்டிகையிலும், திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் ஒப்பந்தத் தொழிலாளராகப் பணிபுரிவோர் ஆயிரக்கணக்கானோர். ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் ஆதார் நகல் ஒன்று, பான் அட்டை நகல் ஒன்று, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம் ஒன்று, புகைப்படம் இரண்டு என்று கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வாடகை அறைக்கு ஒரு நகல், சிம் கார்டுக்கு ஒரு நகல். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் பலர் இந்நகல்களைக் கைப்பேசியிலேயே வைத்துக்கொண்டு, கேட்டவர்க்கெல்லாம் வாட்ஸப்பில் அனுப்பிவிடுகின்றனர். ஜெராக்ஸ் கடையில் மங்கலாக விழுந்த நகலை அப்படியே விட்டுவிட்டு, வேறொன்றை எடுத்துக்கொண்டு போவோர் எத்தனை பேர்! வீட்டுச் சாவியை இப்படி விட்டுவிட்டு வருவோமா?

எனினும் நான் அருகிருந்து கண்ட நிகழ்ச்சியில் திருடன் வெளியிலிருந்து வரவில்லை.

எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் அன்னை, கணவரை இழந்தவர், தையல் இயந்திரம் ஒன்றையே நம்பி மகளை வளர்த்தவர். மகளுக்குச் செவிலியர் பட்டப்படிப்பில் இடம் கிடைத்தது. கல்விக் கடனுக்கு விண்ணப்பித்தனர். மாணவிக்கெனக் கடன் வரலாறு ஏதும் இராது; ஆகவே உடன் கையெழுத்திடும் தாயின் அறிக்கையை வங்கி வரவழைத்துப் பார்த்தது. விண்ணப்பம் மறுக்கப்பட்டது. ஆங்கிலத்தில் இருந்த அந்த அறிக்கையை வாசித்துச் சொல்லும்படி அவர் என்னிடம் கொண்டுவந்தார்.

அதில் இரண்டு கடன்கள் இருந்தன. முதலாவது மகளிர் குழு வழியாகப் பெற்றது. ஒரு தவணையும் தவறாமல் முடிக்கப்பட்டிருந்தது. இரண்டாவது 18,000 ரூபாய், பொருள் வாங்குவதற்கான தவணைக் கடன், மாதக்கணக்கில் நிலுவை. "நான் வாங்கவில்லை ஐயா, மாதா மேல் ஆணை" என்றார். முகவரிப் பகுதியில் இரண்டு கைப்பேசி எண்கள் குறிக்கப்பட்டிருந்தன. ஒன்று அவருடையது. மற்றதை நான் உரக்க வாசித்தேன். கடைசி நான்கு இலக்கங்களைக் கேட்டதும் அவர் முகம் மாறிற்று. அது அவருடைய அண்ணன் மகனின் எண்.

பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஏதோ காப்பீட்டில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி அவன் அட்டைகளை வாங்கிச் சென்றிருக்கிறான். "அத்தை, கொஞ்சம் இப்படிப் பாருங்க" என்று படம் எடுத்திருக்கிறான். அன்று அவருடைய கைப்பேசியும் அவன் கையில்தான் இருந்திருக்கிறது, வந்த ஓ.டி.பி. எண்ணையும் அவனே பார்த்துக்கொண்டான். தொழிற்பேட்டையில் இரவுப் பணி பார்க்கும் பையன். கைப்பேசி ஒன்றின் மீது ஆசை. தன் பெயரில் கடன் கிடைக்கவில்லை. அவ்வளவே.

வழி இரண்டு இருந்தன. இக்கடன் என்னுடையது அன்று என ஆட்சேபம் எழுதினால், கடன் கொடுத்தவர் காவல் நிலையப் புகாரின் நகலைக் கேட்கக்கூடும். பிறருடைய அடையாளத்தை ஏமாற்றிப் பயன்படுத்துவோர்க்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு மூன்றாண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கிறது. ஆட்சேபம் ஏற்கப்பட்டால் அன்னையின் பெயர் தூய்மையாகும். ஆட்சேபிக்காமல் பணத்தைக் கட்டினால் பையன் தப்புவான். ஆனால் கடன் அவருடையதே என்று ஆகிவிடும். தவணை தவறிய குறிப்புகளும் அவர் பெயரிலேயே நிற்கும். நான் முதல் வழியைத்தான் சொன்னேன். சொந்தக்காரன் என்பதால் பொய்க் கணக்கு மெய்யாகிவிடுமா என்று கேட்டேன். அவர் இரு நாள் அவகாசம் கேட்டார்.

மூன்றாம் நாள் அண்ணனையும் பையனையும் அழைத்து வந்தார். பையன் அழுதான், தன் சம்பளத்திலிருந்து கட்டிவிடுவதாக ஒப்புக்கொண்டான். "அவன் வேலை போனால் என் அண்ணன் வீட்டில் அடுப்பு எரியாது, என் பெயர் கொஞ்ச நாள் கறுப்பாக இருந்துவிட்டுப் போகட்டும்" என்றார் அந்த அன்னை. விளைவை அறிந்தே சொன்னார். அதனால் நான் மேற்கொண்டு வாதிடவில்லை.

ஆனால் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். வசூலுக்கு வந்தவர், பாதித் தொகையைக் கட்டினால் போதும், முடித்துத் தருகிறேன் என்றார். கேட்பதற்கு இனிமையான சொல்! அவ்வாறு குறைத்துக் கட்டிய கடன், அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று பதிவாகும். அடுத்து வரும் வங்கிக்கு அது முழுதும் கட்டாத கடனாகவே தோன்றும். முழுத்தொகையும் கட்டினால்தான் ‘குளோஸ்டு’ என்னும் சொல் வரும். முழுவதையும் கட்டச் செய்து, நிலுவை இல்லை என்னும் சான்றையும் எழுத்தில் வாங்கினோம். அறிக்கையோ ஒரு கடனின் 36 மாத வரலாற்றைக் காட்டுவது. அத்தை ஒரே வாரத்தில் மன்னித்ததைக் கணிப்பொறி எளிதில் மறக்காது. முதலாண்டுக் கட்டணத்திற்கு அந்த அன்னையின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று.

முன்பின் அறியாதோர் செய்வதும் உண்டு. 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில், தனி என்னும் கடன் செயலி வழியாகத் தங்கள் பான் எண்ணில் தாங்கள் அறியாமலே கடன் பெறப்பட்டுள்ளது என்று நாடெங்கும் பலர் முறையிட்டனர். பெயர்பெற்ற திரைப்பட நடிகை ஒருவரும் அவர்களுள் இருந்தார்; அவர் பெயரில் எடுக்கப்பட்ட தொகை வெறும் 2,000 ரூபாய். கணக்கேட்டைக் காப்பவர் வீட்டிலேயே திருட்டு நடந்ததும் உண்டு: 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் களவு போயின.

அறியாதவர் செய்த திருட்டாயின் ஆட்சேபிக்கத் தயங்கவே வேண்டாம். கடன் தகவல் நிறுவனத்திற்கும் கடன் கொடுத்தவருக்கும் ஒருசேர எழுத வேண்டும். எழுதிய நாளைக் குறித்து வைக்க வேண்டும். 30 நாள்களுக்குள் முறையீடு தீர்க்கப்படாவிடில், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2023இல் பிறப்பித்து, 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஆணை. அதிலும் நீதி கிடைக்காவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. பணமும் பறிபோயிருந்தால் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரக் கடமைப்பட்டவை. மூன்று மாதத்திற்கு ஒரு நிறுவனம் என்று முறைவைத்தால் ஆண்டு முழுதும் காவல் இருக்கலாம். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறைந்துவிடும் என்பது வீண் அச்சம். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவைப்போரே மிகுதி. உண்மையில் கண் போக வேண்டியது முகவரிப் பகுதிக்கும், நம் அறிக்கையை யார் யார் கேட்டுப் பெற்றனர் என்னும் பகுதிக்கும். நாம் நாடாத நிதி நிறுவனத்தின் பெயர் அங்கே இருக்குமானால், எவரோ நம் பெயரில் கதவைத் தட்டியிருக்கிறார் என்பது பொருள்.

நகல் கொடுக்காமல் இவ்வட்டாரத்தில் வேலை கிடைக்காது என்பதை நான் அறிவேன். ஆயினும் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கொடுக்கும் நகலின் குறுக்கே, எந்த நிறுவனத்திற்கு, எதற்காக, எந்த நாளில் என்று பேனாவால் எழுதிக் கையெழுத்திடலாம். அறிக்கை ஆங்கிலத்தில் இருப்பதால், பங்கில் படித்த பிள்ளைகள் எவரையேனும் அழைத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கும் வரையில் கைப்பேசி உங்கள் கையிலேயே இருக்கட்டும், ஓ.டி.பி. வந்தால் அது எதற்கு வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நீங்களே அதைத் தட்டுங்கள்.